ஓடையோரம் மேயும் கடமானை நெருங்குவது எப்படி: விக்டோரியாவில் புதிதாக வேட்டைக்கு வருவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காடுகளில், நாய்களின் துணையின்றித் தனியாக நடந்து சென்று கடமானை வேட்டையாட விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கி உரிமம் பெறுவது, குறி பழகுவது, தொலைநோக்கியைச் சரிசெய்வது ஆகியவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. அவற்றையெல்லாம் முடித்து, மான் மேயும் ஓடையையும் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் பலர் ஒரு மானைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுதான் என்பது என் முடிவு. ஆகவே அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும்.

இங்கே சாம்பார் என்று அழைக்கப்படும் இந்த மான், நம் தென் மாவட்டங்களில் மிளா என்றும் இலங்கையில் மரை என்றும் சொல்லப்படும் அதே விலங்கு. 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்டு விக்டோரியாவில் விடப்பட்டது. தாயகத்தில் அருகிவரும் இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இது, இங்கே பெருகி, உள்நாட்டுத் தாவரங்களை அழிக்கும் அச்சுறுத்தல்களில் ஒன்றாக இம்மாநிலத்தின் 1988ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை வெறும் செய்தியாகப் படித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வேட்டை குற்றமாகும்.

1. அனுமதியும் எல்லையும்

துப்பாக்கி உரிமத்தோடு, விக்டோரியா மாநில அரசு வழங்கும் வேட்டை உரிமமும் வேண்டும். அரசுக் காடுகளில் கடமானைத் தனியாகத் தேடிச் சென்று வேட்டையாட ஆண்டு முழுவதும் இடமுண்டு; எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆல்பைன் தேசியப் பூங்காவில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், பிப்ரவரி 15 முதல் டிசம்பர் 15 வரை வேட்டையாடலாம். சூரியன் மறைந்து அரை மணி நேரத்திற்குப் பிறகும், உதிப்பதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பும் மான் வேட்டை கூடாது. துப்பாக்கியின் உள்விட்டம் .270 அங்குலத்திற்கும் குண்டின் எடை 130 கிரெய்னுக்கும் (சுமார் 8.4 கிராம்) குறையக் கூடாது. நான் .308 அளவிலான, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் தாழ்ப்பாளை இழுத்து ஏற்றும் ‘போல்ட் ஆக்ஷன்’ துப்பாக்கியைத்தான் பரிந்துரைப்பேன்; தோட்டா எங்கும் கிடைக்கும், புதியவரின் தோளையும் அதிகம் உலுக்காது.

எல்லை வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி, இணையமின்றியும் வரைபடம் காட்டும் அவென்சா செயலியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜேமிசன், லைகோலா, டார்கோ பக்கத்து மலைகளில் பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது.

2. மேய்ச்சல் இடத்தைக் கண்டுபிடித்தல்

ஓடையை ஒட்டிய சமதளத்தில் புல்லும் கிளோவர் என்னும் தீவனப்பூண்டும், கரையோரமாகப் பிளாக்பெர்ரிப் புதரும், பின்னால் அடர்ந்த சரிவும் ஒரே இடத்தில் அமைந்திருந்தால் அங்கே சற்று நின்று பாருங்கள். பிளாக்பெர்ரி இங்கே களைச்செடி. ஆனால் கடமானுக்கு அதன் இலை விருப்பமான தீனி. மருந்தடித்துக் காய்ந்த புதர்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதே இலையை வாலபி என்னும் சிறு கங்காருவும் முயலும் தின்னும் என்பதால் கடித்த நுனியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது இலையை வெட்டாமல் பற்றி இழுத்துப் பிய்க்கிறது. எனவே தண்டின் நுனி நார்நாராகக் கிழிந்து தொங்கும். முயல் கடித்த நுனியோ கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். பிய்ந்த நுனி உங்கள் நெஞ்சுயரத்திற்கு மேல் இருந்தால், அது வாலபிக்கு எட்டாத உயரம்; ஐயமே வேண்டாம்.

அடுத்து, தண்ணீர் விளிம்பில் உள்ள குளம்புத் தடத்தைப் பாருங்கள். தடத்துக்குள் ஊறிய நீர் இன்னும் கலங்கியிருந்தால் மான் சற்று முன்புதான் கடந்திருக்கிறது. நீர் தெளிந்து, அடியில் வண்டல் படிந்திருந்தால் அது பழைய தடம். இந்தச் சமதளங்கள் சிலவற்றில் மாடுகளும் மேயும். மாட்டின் தடம் அகன்று உருண்டிருக்கும். மானின் தடம் முன்பக்கம் கூராக முடியும்.

3. காற்று

கடமான் உங்கள் காலடி ஓசையைக் கேட்டால் நின்று கவனிக்கும். உங்களைப் பார்த்துவிட்டாலும், நீங்கள் அசையாமல் நின்றால் சில நொடிகள் தயங்கும். வாடை மூக்கில் பட்டுவிட்டால் மட்டும் அதற்குத் தயக்கமே கிடையாது. காட்டை அதிரவைக்கும் ஒற்றைக் குரல் ஒன்று கேட்கும். அதோடு அன்றைய காலை முடிந்தது.

வானிலை அறிக்கை சொல்லும் காற்று முகடுகளுக்கு உரியது. ஓடைப்பள்ளத்திற்குள் வேறு கணக்கு. இரவில் சரிவுகள் குளிர, அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே கீழே வழிந்து, ஓடையை அடைந்ததும் நீரோட்டத்தின் திசையிலேயே நகரும். வெயில் பள்ளத்தின் அடியைத் தொடும்வரை இந்த ஓட்டம் நீடிக்கும். ஆகவே விடியற்காலையில் கீழிருந்து மேலாக, அதாவது நீரோட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும். அப்போது உங்கள் வாடை உங்களுக்குப் பின்னால் போய்விடும்.

இந்த விதி பலருக்கும் தெரியும். ஆனாலும் தொடக்கத்திலேயே கெட்டுவிடுகிறது. பாதைகளில் பல முகட்டின் மேல் செல்வதால், வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, மேய்ச்சல் இடத்திற்கு நேர் மேலிருந்து இருட்டில் இறங்குகிறார்கள். அவர்கள் பாதிச் சரிவைக் கடப்பதற்குள் அவர்களுடைய வாடை அடிவாரம் சேர்ந்துவிடுகிறது. மானோ சத்தமின்றி எதிர்ச்சரிவில் ஏறிப் போய்விடுகிறது. இறங்கிய பிறகு எவ்வளவு கவனமாக நடந்தாலும் பயனில்லை. குறைந்தது ஒரு கிலோமீட்டராவது கீழோட்டத்தில் ஓடைக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வாருங்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டியிருந்தாலும் எழுந்துதான் ஆக வேண்டும். இருட்டில் நடக்கும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது.

சூரியன் உதித்ததும் மேற்குப் பக்கத்துச் சரிவின் உச்சிதான் முதலில் வெயிலைப் பெறுகிறது. அங்கே காற்று சூடாகி மேலெழத் தொடங்கும்போது, அடியில் குளிர்காற்று இன்னும் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதும் அந்த இடைநேரத்தில் காற்றுக்கு நிலையான திசையே இருக்காது. அப்போது நடக்காதீர்கள், ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். காற்று மேல்நோக்கி நிலைத்த பிறகு ஓடையைவிட்டு வெளியேறி மேலே ஏறி, எதிர்ச்சரிவைப் பைனாகுலரால் நிதானமாகத் துழாவலாம். மேய்ந்து முடித்த மான்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட சரிவுகளில்தான் படுத்திருக்கும்.

கிளை ஓடை வந்து சேரும் முனையில் தனிக் கவனம் வேண்டும். கிளைப்பள்ளத்தின் குளிர்காற்று பக்கவாட்டில் தள்ளுவதால், உங்கள் வாடை எதிர்க்கரைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு சேர்முனையிலும் நின்று, காற்றை இருமுறை சோதித்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காலியான சொட்டு மருந்துக் குப்பியை நன்றாகக் கழுவி உலர்த்தி, அதில் சோளமாவை நிரப்பிக்கொண்டால் போதும். முகப்பவுடர் வேண்டாம், அதன் மணமே உங்களைக் காட்டிக்கொடுக்கும். குப்பியை அழுத்தியதும் மாவு கிளம்பும் திசையை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். அந்தப் புகை கண்ணுக்குத் தெரியும் கடைசி இடம்வரை பின்தொடருங்கள். கைக்கருகே முன்னோக்கி வந்த மாவு, பத்தடி தள்ளி வளைந்து பின்னோக்கிப் போவது ஓடை வளைவுகளில் அன்றாடம் நடக்கும்.

4. நடை

ஓடையின் இரைச்சல் உங்கள் காலடி ஓசையை மறைக்கும் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். அதே இரைச்சல் மானின் ஓசையையும் உங்களிடமிருந்து மறைக்கிறது. ஆகவே இரைச்சலான பகுதிகளில் காதை நம்பாமல், சில அடிகளுக்கு ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். முழு மானைத் தேடாதீர்கள். புதருக்குள் ஒரு காதின் அசைவையோ, கிடைமட்டமாகத் தெரியும் முதுகுக் கோட்டையோ தேடுங்கள். காட்டுக்குள் பத்து மடங்கு பெரிதாக்கும் 10x42 பைனாகுலரைவிட எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 மேல். கை நடுக்கம் குறைவாகத் தெரியும், பார்வைப் பரப்பும் அகலம். சரசரக்கும் மழைக்கோட்டை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கம்பளி உடை அணியுங்கள். ஆரஞ்சு நிறத் தொப்பி அவசியம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது, மனிதர் கண்ணுக்குத் தெரியும்.

5. சுடுதல்

இந்த ஓடைகளில் ட்ரௌட் மீன் பிடிப்பவர்களும் கூடாரமடிப்பவர்களும் இருப்பார்கள். அசைவையும் சத்தத்தையும் குறிவைக்கவே கூடாது. மான்தான் என்றும், அதற்குப் பின்னால் மண்சரிவு இருக்கிறது என்றும் உறுதியான பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும். நீர்ப்பரப்பை நோக்கிச் சுடாதீர்கள்; குண்டு தண்ணீரில் பட்டுத் தெறிக்கும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, தோளுக்குச் சற்றுப் பின்னால் நுரையீரலைக் குறிவையுங்கள். சுட்டதும் அது ஓடினால் பின்னாலேயே ஓடாமல், நின்ற இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருந்து, பிறகு இரத்தத் தடத்தைத் தேடுங்கள்.

6. இறைச்சி

முதிர்ந்த ஆண் மான் 200 கிலோவைத் தாண்டும். இழுத்து வர முடியாது. விழுந்த இடத்திலேயே எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்துப் பைகளில் சுமக்க வேண்டும். கடைகளில் விற்கும் இறைச்சிப் பையைவிட, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் தைத்த பை எனக்குப் பிடித்தது. காற்றோட்டமும் இருக்கும், ஈயும் நுழையாது. எஞ்சியதை ஓடையிலோ கரையிலோ விட்டுவிடக் கூடாது. கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை

மேகமூட்டமான நாளில் காலைக் காற்று எப்போது திரும்பும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வெயில் படாவிட்டால் கீழ்நோக்கிய ஓட்டம் முற்பகல்வரைகூட நீடிக்கலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவுக் குப்பியைப் பாருங்கள். மாலை வேட்டையைப் பற்றிக் கேட்டவருக்கு: நிழல் முதலில் விழும் சரிவில்தான் காற்று முதலில் இறங்கத் தொடங்கும். ஆகவே நிழல் விழுவதற்கு முன்பே மேய்ச்சல் இடத்திற்குக் கீழோட்டத்தில் போய் அமர்ந்துவிடுங்கள்.

ஓடை நீரிலேயே இறைச்சியைக் கழுவிக் குளிரவைக்கலாமா என்பது மற்றொரு கேள்வி. வேண்டாம். ஈரமான இறைச்சி விரைவில் கெடும். பைகளை நிழலில், காற்றுப் படும்படி கிளையில் தொங்கவிடுங்கள். தண்ணீருக்குப் பக்கத்து நிழல் குளிர்ச்சியாக இருப்பதால் அதுவே போதும்.