அம்மா வந்த வழியில் ஒரு நாள்: செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகில்

சனி, ஞாயிறில் போவதாக இருந்தால் முதல் படகையே பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் துறையில் கூட்டம் சேர்ந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில், சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. போக வர ஒரே டிக்கெட், பெரியவர்களுக்குச் சுமார் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). படகு பெரும்பாலும் முதலில் செயிண்ட் ஜான்ஸ், அடுத்து குசு தீவு, பிறகு கரை என்று சுற்றி வரும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முகப்பிலேயே கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வார நாளில் அது சீக்கிரமே போய்விடும்.

தீவில் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, மழைக்கோட்டு அவசியம். சாப்பாட்டுக்கு நான் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டுவேன். தயிர்ச்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். பொட்டலத்தைப் பிரித்ததும் தீவுப் பூனைகள் வரிசையாக வந்து உட்காரும். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் காரச் சோற்றைப் போடாதீர்கள்.

படகு கிளம்பியதும் மேல்தளத்தில் பின்பக்கம் போய் நில்லுங்கள். கட்டடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போகும், நங்கூரமிட்ட கப்பல்கள் பக்கத்தில் வரும். அரை மணி நேரப் பயணம் இது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அந்த அரை மணி நேரம் கைப்பேசியைத் தொட விடமாட்டேன். ஏனென்றால் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி இந்த ஊரை முதன்முதலாகப் பார்த்தது இந்தத் தண்ணீரிலிருந்துதான்.

செயிண்ட் ஜான்ஸில் 1874இல் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஊரில் காலரா பரவியிருந்தது. 1930களில் அது உலகின் ஆகப் பெரிய தனிமைப்படுத்தும் நிலையங்களில் ஒன்றாக இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கு வழியாக 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களில் எத்தனையோ பேர் இங்கே இறக்கப்பட்டுத்தான் ஊருக்குள் வந்தார்கள். என் அம்மா 1951இல் அப்படி வந்தவர். அப்போது அவருக்கு எட்டு வயது. ஐந்து நாள் இங்கே வைத்திருந்தார்களாம்.

போன வருடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். வயதானவர்களோடு போனால் அவசரப்படாதீர்கள். அலையில் படகு ஏறி இறங்கும், அதனால் துறையில் கால் வைக்கும் நேரம் பார்த்து வைக்க வேண்டும். படகு ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கை கொடுப்பார். அம்மாவுக்குப் பழைய கட்டடம் எதுவும் அடையாளம் தெரியவில்லை. கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார், நகரம் இருக்கும் திசையைப் பார்த்தார். அப்புறம்தான் பேச்சு வந்தது. "ராத்திரி அங்க வெளிச்சம் தெரியும். அதைக் காட்டிக்காட்டித்தான் எங்க ஆத்தா தம்பிக்குச் சோறு ஊட்டும். நாளைக்கு அங்க போயிரலாம், நாளைக்கு அங்க போயிரலாம்னு சொல்லும்." அந்தச் சுவரில் நீங்களும் கால் மணி நேரம் உட்காருங்கள். நகரம் அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

இதே தீவில் 1950களின் தொடக்கத்தில் அரசியல் கைதிகளையும் வைத்திருந்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயரும் அவர்களில் ஒருவர்.

படகுத்துறையிலிருந்து நடைபாதையில் போனால் லாசரஸ் தீவு. இரண்டையும் இணைத்துப் பாதை போட்டிருக்கிறார்கள். பிறை வடிவக் கடற்கரை, தெளிந்த நீர். பிள்ளைகள் அங்கே குளிக்கட்டும், ஆனால் நிழல் குறைவு. நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனால் கரையோரம் நண்டும் கடற்புல்லும் தெரியும். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

பிற்பகலில் குசு. 1923இல் கட்டிய தோ பே கோங் என்ற சீனக் கோயிலும் ஆமைகளும் இருக்கின்றன. குன்றின் மேலே 152 படிகள் ஏறினால் மூன்று கிராமாட்டுகள், அதாவது மலாய் முஸ்லிம் புனிதர்களின் நினைவிடங்கள். 2022இல் தீயில் சேதமடைந்த இடம் என்பதால், படி திறந்திருக்கிறதா என்று கீழேயே பார்த்துக்கொள்ளுங்கள். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் பக்தர் கூட்டம் நிரம்பி வழியும். அமைதி வேண்டுமென்றால் அந்த மாதத்தைத் தவிருங்கள்.

ஒருமுறை நான் குசுவில் பிள்ளைகளோடு ஆமை பார்த்துக்கொண்டே இருந்து படகைக் கோட்டைவிட்டேன். நல்லவேளை, அது கடைசிப் படகு இல்லை. புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள்.

திரும்பும்போது முன்பக்கம் உட்காருங்கள். அம்மா மடியில் பையை அணைத்தபடி, கட்டடங்கள் பெரிதாகி வருவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். கரை ஏறியதும் பசிக்கிறது, தோசை வேண்டும் என்றார். சிவப்புத் தடத்தில் ஏறி டோபி காட் நிலையத்தில் தடம் மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா.