விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்? நீங்களே கணக்குப் போடலாம்

தொலைதூர விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். எனவே தூரத்தை 900-ஆல் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. சுமார் 5,540 கி.மீ. வகுத்தால் ஆறே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் ஏறக்குறைய ஏழு மணி நேரம்.

ஆனால் லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் வரை பிடிக்கும், திரும்பி வர ஏழே போதும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம்தான் காரணம். குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக வீசும்.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளக்காதீர்கள். ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் வடக்கே வளைந்து போவது தெரியும். அதுதான் மிகக் குறைந்த தூரம். போர், மூடப்பட்ட வான்வெளி என்றால் விமானம் சுற்றிப் போகும், நேரமும் கூடும்.

அப்புறம், பலரும் தடுமாறுவது டிக்கெட்டில்தான். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு வருகை என்று இருக்கும். மூன்று மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் பெரும்பாலும் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால் எட்டு. மாத்திரையை நேரம் பார்த்துச் சாப்பிடுபவர்கள் இந்த எட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.