நன்னீர்ச் சொறிமீனைத் தேடுவது எப்படி: பாறைக்குழிகளையும் பண்ணைக்குட்டைகளையும் பார்ப்பவர்களுக்கு

ஹாங்காங்கின் மாய் போ காப்பகத்தில் கிடைத்த பெட்டிச் சொறிமீன் (பெட்டி வடிவ ஜெல்லிமீன்) ஒன்று, டிரைபெடாலியா மாய்போயென்சிஸ் என்ற பெயரில், 2023இல் புதிய சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. குடை எனப்படும் அதன் கவிந்த உடல் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உடையது; நான்கு மூலைகளிலும் மும்மூன்று உணர்கொம்புகளும், ஆறாறாக நான்கு தொகுதிகளில் அமைந்த 24 கண்களும் அதற்கு உண்டு. அது கிடைத்த இடம் ஆழ்கடல் அன்று. கடலோரத்தில் இறால் வளர்ப்பதற்காக மனிதர் வெட்டிய உவர்நீர்க் குட்டை. கடலே இல்லாத கொங்குநாட்டில் இருக்கும் நமக்கு இதுவே கவனிக்க வேண்டிய செய்தியாகும். நன்னீரில் வாழும் சொறிமீன்களும் உலகில் உண்டு. அவற்றுள் லிம்னோக்னிடா இண்டிகா, நம் மேற்கெல்லையாக நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில், மகாராஷ்டிரத்தின் சாத்தாரா வட்டார ஆறுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. மற்றொன்றான கிராஸ்பெடகஸ்டா சோவர்பியின் தாயகம் சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகை. எனினும், 1880இல் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது லண்டன் தோட்டம் ஒன்றின் அல்லித் தொட்டியிலிருந்துதான்.

தேடுவதற்குப் பங்குனியும் சித்திரையும் ஏற்ற மாதங்கள். நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியசைத் தாண்டும்போதுதான் கிராஸ்பெடகஸ்டாவின் குடைகள் பெரும்பாலும் வெளிப்படுகின்றன. அதைவிட முக்கியம், அப்போது காற்று அடங்கியிருக்கும் என்பது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் நீர்ப்பரப்பு ஓயாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி போன்ற ஓர் உயிரை அதற்குள் காண இயலாது.

இடத்தைத் தேர்வதில் தயங்க வேண்டியதில்லை. கீழ்பவானி வாய்க்கால் போன்ற ஓடும் நீரையும், ஆகாயத்தாமரை மூடிய நகரக் குளங்களையும், சாயக்கழிவு கலந்த நொய்யலோரத் தேக்கங்களையும் விட்டுவிடலாம். தெளிந்து நிற்கும் நீரே வேண்டும் என்பதால், கைவிடப்பட்ட பாறைக்குழிகள், பழைய பெருங்கிணறுகள், மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். தெளிவை அளக்க, இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டின் கால்பகுதிகளை மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசி, அடியில் எடை கட்டிக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் போதும். தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரது இசைவைப் பெற்ற பிறகே கிணற்றடிக்குச் செல்ல வேண்டும். பாறைக்குழியில் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். கரையிலிருந்து ஓரடி தள்ளினாலே ஆழம் தெரியாத செங்குத்துச் சரிவு அது; நீச்சல் தெரிந்தவர்களையும் அது பலிகொண்டிருக்கிறது. அமராவதி அணைப் பகுதியில் முதலைகள் உண்டு என்பதால், அதன் நீர்விளிம்பும் இந்த வேலைக்கு உரிய இடமன்று.

பார்ப்பதுதான் கடினமான பகுதி. முற்பகல் வெயிலில், சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்குமாறு, நிழல் நீரில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரே இடத்தைக் குறைந்தது இருபது நிமிடம் உற்று நோக்க வேண்டும். நடந்துகொண்டே பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. கிராஸ்பெடகஸ்டா துடித்துத் துடித்து மேலே வந்து, பிறகு துடிப்பை நிறுத்தி, உணர்கொம்புகளை விரித்தபடி மெல்லக் கீழே அமிழும். அமிழும்போதுதான் நுண்ணிய நீருயிரிகளைப் பிடித்து உண்ணும். ஆகவே உருவத்தைத் தேடாமல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தேடுங்கள். முழு வளர்ச்சி பெற்ற குடை 20 முதல் 25 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நம் ஒரு ரூபாய் நாணயத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெறுங்கையோடு திரும்பும் நாள்களே அதிகம். பாலிப் என்னும் அதன் இளநிலை ஒரு மில்லிமீட்டர் அளவில், உணர்கொம்புகூட இல்லாமல், கல்லிலும் குச்சியிலும் ஒட்டி வாழ்வது. குடைகளோ சில வாரங்கள் தோன்றி மறைந்துவிடும், அடுத்த ஆண்டு அதே நீரில் வராமலும் போகலாம். ஆதலால் காணாத நாளையும் தேதியுடன் எழுதி வையுங்கள்.

கண்டுவிட்டால் வலையைத் தொடாதீர்கள். வலையில் பட்டால் குடை கிழிந்து குழைந்துவிடும். வாயகன்ற கண்ணாடிப் புட்டியைக் கயிறு கட்டித் தாழ்த்தி, உயிர் தானாக நீரோடு உள்ளே வருமாறு மெதுவாகச் சாய்க்க வேண்டும். புட்டியின் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்தால், அதுவரை தெரியாத உறுப்புகள் எல்லாம் வெண்மையாக எழுந்து நிற்கும். வட்டக்குடையின் நடுவில் இரைப்பை தொங்கும். அங்கிருந்து விளிம்புக்கு நான்கு கால்வாய்கள் ஓடும். இனப்பெருக்க உறுப்புகள் அந்தக் கால்வாய்களிலிருந்து நான்கு வெண்பைகளாகத் தொங்கினால் அது கிராஸ்பெடகஸ்டாவாக இருக்கலாம். அவை இரைப்பையின் சுவரைச் சுற்றியே அமைந்திருந்தால் லிம்னோக்னிடா என்று ஐயுறலாம். உணர்கொம்புகளைக் கண்ணால் எண்ண முயல வேண்டாம், அவை நானூறுவரைகூட இருக்கும். படமெடுத்து, பெரிதாக்கி, கால்பகுதியை மட்டும் எண்ணினால் போதும். இதன் கொட்டு முட்கள் பொதுவாக மனிதத் தோலைத் துளைப்பதில்லை. கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும்போது அங்குள்ள சொறியை இந்தத் துணிவோடு தொட்டுவிடாதீர்கள், அது வேறு கணக்கு.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவுகோலுடன் ஒன்று எனக் குறைந்தது மூன்று படங்களும், நீந்தும் காணொளி ஒன்றும் தேவை. இடம், நாள், நேரம், நீரின் வெப்பம், தெளிவின் ஆழம், அந்த நீரில் அண்மையில் மீன்குஞ்சு விட்டார்களா என்பது ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மீன்குஞ்சுகளோடும் நீர்ச்செடிகளோடும்தான் இவ்வுயிர் ஊர்விட்டு ஊர் போகிறது. பெயரை நீங்களே முடிவு செய்யாமல், குறிப்புகளைப் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் சென்னை மையத்துக்கோ அனுப்புங்கள். மாய் போ சொறிமீனைப் புதியது என்று உறுதிசெய்யவும் உருவ ஒப்பீட்டோடு மரபணு ஒப்பீடு தேவைப்பட்டது. எனவே அவர்கள் கேட்டால் மட்டும் ஓர் உயிரை அடர்ந்த எத்தனாலில் இட்டுக் கொடுக்கலாம்.

மற்றவற்றை எடுத்த குழியிலேயே விட்டுவிட்டு, புட்டியையும் கயிற்றையும் தட்டையும் வெந்நீரில் கழுவி நன்றாக வெயிலில் உலர்த்துங்கள். இதன் பாலிப்புகள் உறையிட்டு உறங்கும் நிலையில் வறட்சியையும் தாங்கக் கூடியவை. ஈரம் காயாத ஒரு கயிறே அடுத்த தோட்டத்துக் கிணற்றுக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.