ஒருவர் திருமலையில், மற்றவர் கொழும்பில்: வருத்தக்காரரைப் பார்க்கப் பிரிந்திருக்கும் தம்பதிகள் விடும் தவறுகள்

அம்மாவுக்குப் பாரிசவாதம் என்று செய்தி வந்த இரவே மகள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு பஸ் ஏறிவிடுவார். கணவர் வெள்ளவத்தையில் நிற்பார். வேலை இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. "ஒரு மாதம் பாத்திட்டு வாறன்" என்பதுதான் பேச்சு. ஆறு மாதம் போன பிறகும் அந்தப் பை உப்புவெளி வீட்டு அறை மூலையில் பாதி பிரித்தபடியே கிடக்கும். இப்படிப் பிரிந்திருப்பவர்களுக்குள் வரும் சச்சரவில் 260 கிலோமீற்றர் தூரத்தின் பங்கு குறைவு. எது எந்தத் திகதி வரைக்கும், எது யாருடைய வேலை என்று பேசி முடிக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். இங்கே மனைவி பராமரிப்பதாகவும் கணவர் தூர இருப்பதாகவும் எழுதியிருக்கிறோம். மாறியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

"சுகமாகும் வரைக்கும்"

இது திகதியே இல்லாத திகதி. பாரிசவாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரிவது முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. எனவே ஆறாவது கிழமையில் ஒரு தடவையும் மூன்றாம் மாத முடிவில் ஒரு தடவையும் இருவரும் உட்கார்ந்து நிலைமையைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை நான்குதான்: கட்டிலில் இருந்து தானாக எழும்புகிறாரா, மலசலகூடத்துக்கு ஆள் துணை வேண்டுமா, சாப்பாடு புரையேறாமல் இறங்குகிறதா, இரவில் எத்தனை தடவை கூப்பிடுகிறார். இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் மிச்சத்தைக் கதைக்கலாம்: சம்பளத்துக்கு ஆள் வைப்பதா, அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோவதா, தம்பி ஒரு மாதம் வந்து நிற்பாரா. மறதி நோய், முற்றிய புற்றுநோய் போன்றவற்றில் இப்படி முன்னேற்றத்தை எதிர்பார்க்க முடியாது. அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தீர்மானித்தால் போதும். முழுக் காலத்துக்கும் முடிவெடுக்கப் போனால் எந்த முடிவும் வராது.

அரச உத்தியோகம் என்றால் இன்னொன்று. வருடாந்த இடமாற்ற விண்ணப்பக் காலத்தை "பாப்பம்" என்று தவறவிட்டால் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

நினைவு தெளிவாக உள்ள அம்மாவை இந்தப் பேச்சில் சேர்க்காமல் விடுவதும் தவறு. "என்னால பிள்ளை குடும்பம் பிரிஞ்சு கிடக்கு" என்று உள்ளுக்குள் வெந்துகொண்டு சாப்பிட மறுப்பவர்கள் உண்டு. திகதியைச் சொன்னால் அவர்களுக்கும் ஆறுதல்.

போனில் வருத்தம் மட்டும் கதைப்பது

இரவு எட்டரைக்குக் கணவர் எடுப்பார். "பிரஷர் எவ்வளவு? சாப்பிட்டவவோ? குளிசை முடியுதோ?" பதினைந்து நிமிடத்தில் அறிக்கை முடியும், இருவரும் களைத்துப்போய் வைத்துவிடுவார்கள். இதில் இரண்டு கோளாறு. மனைவி தாதியாகிவிடுகிறார், கணவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். மற்றது, போன் பெரும்பாலும் ஸ்பீக்கரில், அம்மாவின் கட்டிலருகிலேயே இருக்கும். மனைவி கையில் களிம்பு, தோளில் துவாய், போன் தலையணைக்குப் பக்கத்தில். அந்த இடத்திலிருந்து "எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று யாரால் சொல்ல முடியும்?

தகவலையும் கதையையும் பிரித்துவிடுங்கள். பிரஷர், சீனி அளவு, மலம் போனது, குளிசை மிச்சம் எல்லாம் மாலை ஆறு மணிக்கு ஒரே வாட்ஸ்அப் செய்தியாகப் போகட்டும். இரவு அழைப்பில் அவற்றைக் கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் குளிசை கொடுத்து அம்மா படுத்த பிறகு, முற்றத்துக்கோ மதிலடிக்கோ போய்நின்று, ஸ்பீக்கர் இல்லாமல் இருபது நிமிடம். பிள்ளையின் சேட்டை, அலுவலகத்துச் சண்டை, பக்கத்து வீட்டுப் புதினம், எதுவும். ஒருநாள் கதைக்க ஒன்றும் இல்லையென்றால் "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லி வைக்கவும் உரிமை வேண்டும்.

பிள்ளையைத் தூதாக்க வேண்டாம். "அம்மாட்டச் சொல்லு, காசு போட்டாச்சு எண்டு" என்பதில்தான் அது தொடங்குகிறது.

வருகிற இரண்டு நாளை வீணாக்குவது

வெள்ளி இரவு கோட்டையில் ரயில் ஏறினால் சனி விடியத் திருமலை. பார்க்க நல்ல ஏற்பாடுதான். நடப்பது வேறு: வந்தவர் களைப்பில் பத்து மணி வரைக்கும் படுக்கிறார், மத்தியானம் அவருக்கென்று மீன் வாங்கி விசேஷச் சமையல், பின்னேரம் பார்க்க வரும் சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி, ஞாயிறு இரவு திரும்புகிறார். மனைவிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஒரு விருந்தாளி கூடியதுதான் மிச்சம்.

சனி காலை பத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் வரைக்கும் கவனிப்பு வந்தவருடையது என்று வையுங்கள். அதற்கு அவர் பழக வேண்டும். முதல் வருகையில் பக்கத்தில் நின்று பார்ப்பது, இரண்டாவதில் மனைவி பார்த்துக்கொண்டு நிற்கத் தான் செய்வது, மூன்றாவதில் தனியே. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும். அதில் "கவனமாகப் பாருங்கோ" என்று எழுதிப் பிரயோசனமில்லை. இப்படி இருக்க வேண்டும்:

மத்தியானம் 12.30: சோறு குழைத்து, பருப்போடு. நிமிர்த்தி இருத்தித்தான் தீத்த வேண்டும். முடிந்து 30 நிமிடம் படுக்க விடக்கூடாது.

2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது. இழுக்காமல், துணியோடு தூக்கி.

குதிக்கால் மெத்தையில் முட்டாமல் கெண்டைக்காலின் கீழ் தலையணை.

புதிதாகப் பழகுபவர் வழக்கமாக விடும் பிழை, தீத்தி முடித்த கையோடு படுக்க வைப்பது. சாப்பாடு மேலே வந்து சுவாசக்குழாய்க்குள் இறங்கினால் நியுமோனியா. அடுத்த பிழை, ஆளைத் துணியில் இழுத்து நகர்த்துவது. தோல் உரிந்து படுக்கைப் புண் தொடங்குவது அங்கேதான். மாமியாரைக் கழுவித் துடைக்க மருமகன் கூச்சப்படுவதும் மாமியார் கூசுவதும் இயல்பு. அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மணித்தியாலக் கூலிக்கு ஒரு பெண்ணைப் பிடியுங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். அதைச் சாட்டி முழுப் பொறுப்பையும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் மனைவி வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். வீட்டுக்குள் இருந்தால் கூப்பிடும் சத்தத்துக்கு எழும்பத்தான் செய்வார்.

எழுதத் தயங்குகிற ஒன்று: அம்மாவின் கட்டில் மண்டபத்தில், மனைவி பக்கத்தில் பாயில், பிள்ளை வந்தால் அறையில். கணவன் மனைவிக்குச் சாத்துவதற்கு ஒரு கதவு இல்லை. இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, மாதக்கணக்கில் அப்படியே போகும். மாதத்தில் ஒரு இரவு சித்தியோ மச்சாளோ வந்து அம்மாவோடு படுத்தால் இருவரும் ஒரு அறைக்குள் இருக்கலாம், வசதியிருந்தால் நிலாவெளியில் ஓர் அறை எடுக்கலாம். அதுவும் ஏலாவிட்டால் டச்சுக்குடாக் கடற்கரையில் ஒரு சுருள் கச்சானோடு ஒன்றரை மணித்தியாலம். (வெளியூர் மாப்பிள்ளைக்கு: இங்கே கச்சான் என்றால் கடலையும்தான், வெயில் காலத்தில் அடிக்கும் அனல் காற்றும்தான்.)

எல்லா வருகையையும் சனி ஞாயிறில் வைப்பதும் பிழை. கிளினிக்கும் பிரதேச செயலகமும் வார நாட்களில்தான். மூன்று வருகைக்கு ஒன்றை லீவு போட்டு கிளினிக் நாளில் வையுங்கள். விடிய நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, டொக்டர் சொல்வதைத் தன் காதால் ஒரு தடவை கேட்டவர் பிறகு "ஏன் இதைக் கேக்கேல்ல" என்று போனில் கேட்பது குறையும். போயாவோடு வரும் நீண்ட விடுமுறையில் ரயில் இருக்கை கிடைப்பது கஷ்டம், முன்பதிவை நேரத்தோடு செய்யுங்கள். கல்ஓயாப் பக்கம் யானை குறுக்கிட்டால் ரயில் பிந்தும். ஆகவே திங்கள் காலை எட்டு மணி வேலையை ஞாயிறு இரவு ரயிலை நம்பி வைக்க வேண்டாம்.

தூர இருப்பவருக்கு வேலை கொடுக்காமல் விடுவது

காசு மட்டும் அனுப்புபவர் மெல்ல மெல்ல வெளியாள் ஆகிவிடுகிறார். தூரத்தில் இருந்தே முழுதாகச் செய்யக்கூடிய வேலைகளை எழுத்தில் ஒப்படையுங்கள்: கிளினிக்கில் கிடைக்காத மருந்தைத் தேடுவது, விசேட வைத்தியரிடம் நேரம் எடுப்பது, பில் கணக்கு, வெளிநாட்டுச் சகோதரங்களுக்குப் பதில் சொல்வது. கடைசி மிக முக்கியம். ரொறன்ரோவில் இருந்து அண்ணாவும் லண்டனில் இருந்து அக்காவும் தனித்தனியே எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டால், பராமரிப்பவர் ஒரு நாளில் இரண்டு தடவை அதே கதையைச் சொல்லுகிறார்.

மருந்தில் ஒரு பொறி. கிளினிக்கில் கிடைத்த பிரஷர் குளிசை முடிந்தது என்று கணவர் கொழும்பில் வாங்கி அனுப்புவார். அடுத்த கிழமை கிளினிக்கிலும் அதையே கொடுப்பார்கள், வேறு நிறம், வேறு கம்பனி. இரண்டையும் வெவ்வேறு மருந்தென்று நினைத்து இரண்டையும் கொடுத்தால் பிரஷர் விழுந்து அம்மா மலசலகூட வாசலில் சரிவார். வாங்குபவருக்குப் போக வேண்டியது கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கப் படம். பெட்டியில் பெரிதாக உள்ள கம்பனிப் பெயரைப் பார்க்க வேண்டாம். அதன் கீழே சிறிதாக உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட வேண்டும்.

இன்சுலினை பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் ஐஸ் கட்டியின் மேலேயே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் பழுது, உருகிய பிறகும் பாவிக்கக்கூடாது. துவாயில் சுற்றி, ஐஸ் பையைத் தொடாமல் வையுங்கள். வீட்டில் 2 முதல் 8 பாகை செல்சியஸ், உறைபெட்டித் தட்டுக்கு விலகி.

காசு

நோய்ச் செலவுக்கு வேறு கணக்கு, வேறு கொப்பி. மனைவி ஒவ்வொரு தடவையும் "பம்பஸ் முடிஞ்சுது" என்று கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். சகோதரங்கள் பங்கு போட்டால் மனைவி விட்டுவந்த சம்பளமும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் அதைக் கணவர் வீட்டுச் செலவிலிருந்து தாங்குகிறார், இரண்டு வருடத்தில் அது சண்டையாக வெளியே வரும்.

அற்றோர்ணித் தத்துவமோ காணி உறுதியோ, அம்மாவின் புத்தி தெளிவாக இருக்கும்போதே நொத்தாரிசிடம் முடிக்க வேண்டியவை. நினைவு தடுமாறிய பிறகு வாங்கும் கையொப்பம் பின்னர் வழக்காகும்.

அவசரத்தில் முதலில் கொழும்புக்கு எடுப்பது

வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது. மனைவி கணவருக்கு எடுத்து "என்ன செய்ய?" என்கிறார். அவர் தெரிந்த டொக்டருக்கு எடுக்கிறார். அரை மணித்தியாலம் போய்விடுகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொருந்துபவர்களுக்கும் அது அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும். முதல் அழைப்பு 1990 சுவசெரிய அம்பியுலன்சுக்கு, அது இலவசம். கடைசியாக எப்போது சாதாரணமாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்பது அதைத்தான். கணவருக்குச் செய்தி அதற்குப் பிறகு, முன்பே பேசிவைத்த மூன்று சொல்லில் ஒன்றாக: "தகவல்", "ஆயத்தம்", "வா". "வா" என்றால் கேள்வி கேட்காமல் வெளிக்கிடுவது. (1990 அவசரத்துக்கு மட்டும், கிளினிக்குக்குக் கூட்டிப்போக வானைப் பேசுங்கள்.)

முடிந்த பிறகு

அம்மா தேறினாலும் சரி, தவறினாலும் சரி, திரும்பிப்போவதை அவசரப்படுத்துகிறார்கள். முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாளே கொழும்புக்கு வெளிக்கிட்டால் மரணப் பதிவுப் பிரதிகள், ஓய்வூதியம், வங்கி அலுவல் எல்லாம் பாதியில் நிற்கும். அதற்காக மீண்டும் இரண்டு மூன்று தடவை தனியே வர வேண்டியிருக்கும். இன்னும் ஒரு கிழமை நின்று, இருவருமாகச் சேர்ந்து அந்த அலுவல்களை முடியுங்கள். காற்று மெத்தையையும் கொமட் கதிரையையும் தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், மிச்சக் குளிசைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கொழும்பில் சில கிழமைகளுக்கு மனைவி இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் திடுக்கிட்டு எழும்புவார். பக்கம் மாற்றும் நேரம் உடம்பில் பதிந்திருக்கும். அந்த நாட்களில் காலைச் சமையலும் பிள்ளையைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துவதும் இதுவரை செய்தவரிடமே இருக்கட்டும்.