ஒரே செட்-டாப் பாக்ஸ், மூன்று அறைகளில் டிவி

எங்கள் வீட்டில் பின்கட்டு அறையில்தான் அப்பத்தா படுத்திருப்பார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு கூடத்துக்கு வருவது நின்றுவிட்டது. மாலைத் தொடரின் சத்தம் மட்டும் அவர் காதில் விழும். யார் அழுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று அங்கிருந்தே கேட்பார். அவருக்காகத்தான் இந்த வேலையை முதன்முதலில் செய்து பார்த்தேன்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த முறையில் எல்லா டிவியிலும் ஒரே சேனல்தான் ஓடும். அப்பா செய்தியும் பிள்ளைகள் கார்ட்டூனும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது பாக்ஸ்தான் வழி. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. அதனால் அதை வைத்திருப்பவர்கள் இரண்டு வெளியீடு உள்ள எல்என்பியும் (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் கருவி) இன்னொரு பாக்ஸும் வாங்கிவிடுவதே நல்லது. கட்டண டிடிஎச் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த முறையில் லாபம். அதையும் உங்கள் வீட்டுக்குள் மட்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்கு வயர் இழுக்கக் கூடாது.

எங்கே பிரிக்க வேண்டும்?

நான் செய்த முதல் தவறு இது. கடைக்காரர் சொன்னதை நம்பி, மாடியிலிருந்து இறங்கும் டிஷ் கேபிளையே ஸ்பிளிட்டர் போட்டுப் பிரித்து, ஒரு முனையை நேராக டிவியில் செருகினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. வராது. அந்தக் கேபிளில் வருவது செயற்கைக்கோள் சிக்னல். அதைப் படமாக மாற்றித் தருவது பாக்ஸ். போதாததற்கு, பாக்ஸ் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எல்என்பியை இயக்குகிறது. ஆகவே டிஷ்ஷிலிருந்து பாக்ஸ் வரை உள்ள கேபிளைத் தொடவே வேண்டாம். பாக்ஸிலிருந்து வெளியே வருவதைத்தான் பிரிக்க வேண்டும்.

பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எச்டிஎம்ஐ துளை ஒன்று இருக்கும். பெரும்பாலான பாக்ஸ்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகளும் இருக்கும். அல்லது அந்த மூன்றுக்கும் சேர்த்து இயர்போன் துளை போல ஒன்று. பல பாக்ஸ்களில் எச்டிஎம்ஐயும் ஏவியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். உங்களுடையது அப்படியா என்று ஒரு டிவியில் இரண்டையும் செருகி, மாற்றி மாற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பக்கத்து அறை என்றால்

எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போதும். கடையில் ‘ஸ்பிளிட்டர்’ என்றே கேட்டு வாங்குங்கள். ‘ஸ்விட்ச்’ என்பது பல பெட்டிகளை ஒரு டிவியில் சேர்ப்பது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எச்டிசிபி (படத்தை நகலெடுக்காமல் காக்கும் பூட்டு) ஏற்கும் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சில சேனல்களில் படம் வராது. சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்து அறைகள் என்றால்

எங்கள் வீட்டுக்கு இதுதான் பொருந்தியது. தேவையானவை: ஏவி உள்ளீடு உள்ள ஆர்எஃப் மாடுலேட்டர், கேபிள் டிவிக்குப் போடும் ஸ்பிளிட்டர், ஆர்ஜி-6 கேபிள் (டிஷ்ஷிலிருந்து வருவது போன்ற உருண்டைக் கேபிள்), அதன் முனையில் மாட்டும் எஃப் கனெக்டர்கள், டிவியில் செருகும் ஆன்டெனா பின்கள். மாடுலேட்டர், பாக்ஸின் படத்தையும் ஒலியையும் பழைய கேபிள் டிவி சேனல் போல மாற்றித் தருகிறது. உங்கள் டிவியில் அனலாக் ட்யூனர் இருந்தால் அது அப்படியே பிடித்துக்கொள்ளும்.

எல்லா மின் இணைப்பையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாக்ஸின் ஏவி வெளியீட்டை மாடுலேட்டரில் நிறத்துக்கு நிறம் செருகுங்கள். படம் வராமல் ஒலியில் ‘கர்ர்’ என்று இரைச்சல் மட்டும் கேட்டால், மஞ்சள் பின் இடம் மாறியிருக்கிறது. மாடுலேட்டரிலிருந்து ஒரு கேபிள் ஸ்பிளிட்டரின் உள்ளீட்டுக்கு. அதன் வெளியீடுகளிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு கேபிள். இரண்டாகப் பிரித்தால் ஏறத்தாழ 4 டெசிபலும், நான்காகப் பிரித்தால் 7, 8 டெசிபலும் சிக்னல் குறையும். அதனால் மூன்று அறைக்கு எட்டு வழி ஸ்பிளிட்டர் வாங்காதீர்கள். மிஞ்சும் துளைக்கு 75 ஓம் மூடி போட்டுவிடுங்கள். கேபிளை மின்வயர் ஓடும் அதே குழாயில் இழுக்காதீர்கள்.

கனெக்டர் மாட்டுவதில் அவசரம் வேண்டாம். புள்ளிப் புள்ளியாகப் படம் வந்தால் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். கேபிளின் மேல்தோலை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுற்றி வெட்டி எடுங்கள். உள்ளே வலை போலப் பின்னிய மெல்லிய கம்பிகள் தெரியும். அவற்றைப் பின்னால் மடித்துத் தோலின் மேல் படிய விடுங்கள். பிறகு வெள்ளை நுரையைச் சீவி நடுக்கம்பியை வெளியே எடுங்கள். கனெக்டரைச் செருகி இறுக்கிய பின், நடுக்கம்பி அதன் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். தலைமுடி அளவு வலைக்கம்பி ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்த அறைக்குப் படம் போகாது. அப்பத்தா அறைக்குப் போன கேபிளில் அப்படி ஒரே ஒரு இழை இருந்தது; அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் முழுவதும் ஆயிற்று.

ட்யூனிங்

மின்சாரம் கொடுத்து, மாடுலேட்டரில் பி/ஜி (B/G) என்ற ஒளிபரப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் விற்கும் டிவிகளுக்கு அதுதான். முறை மாறினால் படம் தெளிவாக இருக்கும், ஒலி மட்டும் இரையும். பிறகு டிவியில் அனலாக் தேடலை ஓட விடுங்கள். படம் வந்ததும் சேமித்துக்கொள்ளுங்கள். எச்டி தெளிவை எதிர்பார்க்காதீர்கள்: 32 அங்குல டிவியில் நன்றாகவே இருக்கும், பெரிய திரையில் மங்கும். கூடத்து டிவி எச்டிஎம்ஐயிலேயே இருக்கட்டும்.

ரிமோட்

பாக்ஸ் கூடத்தில் இருக்கிறது, ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி சுவரைத் தாண்டாது. ‘ரிமோட் எக்ஸ்டெண்டர்’ என்று சிறிய ஜோடிக் கருவி கிடைக்கிறது. அறையில் இருப்பது ரிமோட்டின் ஒளியை வாங்கி வானொலி அலையாக அனுப்பும்; கூடத்தில் இருப்பது அதை மீண்டும் ஒளியாக்கி பாக்ஸின் முன்னால் காட்டும். வேலை செய்யவில்லை என்றால், கூடத்துக் கருவியின் கண்ணை செல்போனின் முன்கேமரா வழியே பாருங்கள். வேறொருவர் அறையில் பொத்தானை அழுத்தும்போது அந்தக் கண் ஊதா நிறத்தில் மினுங்கினால் கருவி நன்றாக இருக்கிறது. பாக்ஸுக்கு நேராகத் திருப்பி வைத்தால் போதும்.

பாக்ஸ் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்பதையும், ஓர் அறையில் சேனல் மாற்றினால் எல்லா அறையிலும் மாறும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை ரிமோட் அப்பத்தாவுடையது.