மாடல் ராத்திரி முழுக்க ஓடியதற்குக் காரணம் ஒரே ஒரு எண்

டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலைக் கணிப்பு மாடலை 9 கிலோமீட்டர் கட்டத்தில் என் லேப்டாப்பில் ஓட்டினேன், ஒரு நாள் கணிப்புக்கே ராத்திரி முழுக்கப் போய்விட்டது. நேரத்தைத் தின்றது கதிர்வீச்சுக் கணக்குதான். அதைச் செய்யும் ஆர்ஆர்டிஎம்ஜி (RRTMG) என்ற நிரல்பகுதி ஒவ்வொரு காற்றுத் தூணுக்கும் நெட்டலையில் (பூமியும் காற்றும் விடும் வெப்பம்) 140, குற்றலையில் (சூரிய ஒளி) 112 என்று தனித்தனிக் கணக்குப் போடுகிறது, லட்சக்கணக்கான நிறமாலைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் போடுவதற்கு இதுவே சிக்கனம் என்பது வேறு கதை. இந்தக் கணக்கை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போடுவது என்று சொல்லும் ஆர்ஏடிடி (radt) மதிப்பை நான் 1 நிமிடம் என்று விட்டிருந்தேன்! கட்ட அளவில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்பதுதான் வழக்கமான பரிந்துரை, 9 ஆக்கியதும் வேகம் வந்தது.

சரி, முடிந்தது என்று பார்த்தால், மாடலில் காலை வெயில் 9 நிமிடத்துக்கு ஒரு படி என்று படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. அமைப்புக் கோப்பில் ஸ்விண்ட்_ஆப்ட் (swint_opt) = 1 போட்டேன்; இடைப்பட்ட நேரத்தில் சூரியனின் கோணத்தை வைத்து வெயிலை நிரவிவிடுகிறது. மேகம் மட்டும் அந்த 9 நிமிடமும் பழையதுதான்.