பத்திரிகை வைக்கப் போகும் வீடுகளை மேப்பில் ஏற்றுவது எப்படி?

தங்கை கல்யாணத்துக்கு மதுரையில் மட்டும் 140 வீடுகளுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. லிஸ்ட் எக்செல்லில் பக்காவாக இருந்தது, ஆனால் அகரவரிசையில். காலையில் திருநகர், மதியம் ஒத்தக்கடை, சாயங்காலம் மறுபடியும் திருநகர் என்று ஒரு நாள் முழுக்க அலைந்தோம். அன்று ராத்திரி உட்கார்ந்து மொத்த லிஸ்டையும் கூகுள் மை மேப்ஸில் (நம் இடங்களைக் குறித்துச் சொந்தமாக மேப் தயாரிக்கும் தளம்) ஏற்றினேன். காசு கிடையாது, கூகுள் கணக்கு இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

முதலில் லிஸ்டைச் சரிசெய்யுங்கள்

பாதிக்கு மேல் வேலை இங்கேதான். முதல் வரிசையில் தலைப்புகள் இருக்கட்டும்: பெயர், முகவரி, ஊர், பின்கோடு, யார் வழி சொந்தம்.

கதவு எண்ணில் கவனம். 12/5 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். எங்கள் பெரியப்பா வீட்டு எண் மே 12 ஆகிப் போனது. அந்த நெடுவரிசையை அடிப்பதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வையுங்கள். அடித்த பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பி வராது.

ஊர்ப் பெயரை எல்லா வரிசையிலும் எழுதுங்கள். 'அண்ணா நகர்' என்று மட்டும் போட்டால் அது சென்னையா மதுரையா என்று மேப்புக்கு எப்படித் தெரியும்? கே.கே.நகரும் அப்படித்தான், திருச்சியிலும் ஒன்று உண்டு. பின்கோடு இருந்தால் இந்தக் குழப்பம் குறையும்: 625020 மதுரை அண்ணா நகர், 600040 சென்னை அண்ணா நகர்.

'பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, மாடி வீடு' என்பதெல்லாம் ஆட்டோக்காரருக்குப் புரியும், மேப்புக்குப் புரியாது. அவற்றை 'குறிப்பு' என்று தனி நெடுவரிசைக்குத் தள்ளுங்கள். போகும்போது மேப்பில் வீட்டைக் காட்டும் குறியை, அதாவது 'பின்'னைத் தொட்டால் அந்தக் குறிப்பும் தெரியும்.

இனி ஏற்றலாம்

மைமேப்ஸ் டாட் கூகுள் டாட் காம் போய்ப் புதிய மேப் ஒன்றைத் தொடங்குங்கள். இடது பக்கப் பெட்டியில் 'இம்போர்ட்' இருக்கும். எக்செல், சிஎஸ்வி, கூகுள் ஷீட் எதையும் கொடுக்கலாம். ஒரு லேயருக்கு (ஏற்றும் லிஸ்ட் போய் உட்காரும் அடுக்கு) 2,000 வரிசை வரை ஏறும். கல்யாண லிஸ்டுக்கு அது தாராளம்.

அடுத்து இரண்டு கேள்விகள் வரும். இடத்தைக் காட்டும் நெடுவரிசைகள் எவை? முகவரி, ஊர், பின்கோடு மூன்றையும் டிக் செய்யுங்கள். பின்னுக்குத் தலைப்பு எது? பெயர். 'ஃபினிஷ்' அழுத்தினால் சில நொடிகளில் பின்கள் கொட்டும்.

சில வரிசைகளைக் காட்ட முடியவில்லை என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். அங்கேயே அட்டவணையைத் திறந்து முகவரியைத் திருத்தலாம். அப்படியும் பிடிபடாத வீடுகளுக்கு ஒரு வழி உண்டு: கூகுள் மேப்ஸில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து ரைட் கிளிக் செய்தால் மேலே இரண்டு எண்கள் வரும், முதலில் அட்சரேகை, அடுத்து தீர்க்கரேகை. மதுரைக்கு 9.92, 78.12 என்கிற மாதிரி இருக்கும். இந்த வீடுகளை மட்டும் தனி ஷீட்டாக்கி, இரண்டு எண்ணையும் இரண்டு நெடுவரிசையில் போட்டு, இன்னொரு லேயராக ஏற்றுங்கள். எண்களை மாற்றிப் போட்டால் உங்கள் சித்தி வீடு ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

செய்தி எதுவும் வராவிட்டாலும் மேப்பைச் சுருக்கி ஒருமுறை பாருங்கள். தப்பான ஊரில் விழுந்த பின்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

நிறம்

லேயர் பெயருக்குக் கீழே 'யூனிஃபார்ம் ஸ்டைல்' என்று இருப்பதைத் தொட்டு, 'யார் வழி சொந்தம்' நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். அப்பா வழி ஒரு நிறம், அம்மா வழி ஒரு நிறம். யார் எந்தப் பக்கம் போவது என்ற சண்டை எங்கள் வீட்டில் பாதி குறைந்தது.

ஷேர் செய்யும் முன்

நீங்களாகத் திறந்துவிடாதவரை இந்த மேப் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போடாதீர்கள். அது எங்கெங்கோ போகும். ஷீட்டில் போன் நம்பர் இருந்தால் அதுவும் ஒவ்வொரு பின்னிலும் தெரியும். கூட வருபவரின் மெயில் ஐடியை மட்டும் சேர்த்தால் போதும். அவர் போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சேமித்த இடங்களில் 'மேப்ஸ்' பகுதியில் பார்க்கலாம்.

ஒன்று மட்டும்: ஷீட்டில் பிறகு சேர்க்கும் பெயர்கள் தானாக மேப்பில் வராது. லேயரின் மூன்று புள்ளி மெனுவில் மறு இம்போர்ட் இருக்கிறது. கிளம்பும் நேரத்தில் அப்பா "அடடா, அவரை விட்டுட்டோமே" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது தேவைப்பட்டது.